பழுப்பும் துருதான்: பெட்டியோடு வரும் துவந்த யுத்தக் கைத்துப்பாக்கிகள்

துப்பாக்கி செய்தவரின் சீட்டு மூடிக்குள் ஒட்டிய பழைய லண்டன் பெட்டி. உள்ளே ஒரு ஜோடி கேப் துப்பாக்கி: சுத்தியல் அடித்ததும் வெடிக்கும் சின்னச் செப்புத் தொப்பிதான் (கேப்) இவற்றில் மருந்தைப் பற்றவைக்கும். இப்படி ஒன்று கைக்கு வந்ததும் பலர் பாலிஷ் டப்பாவைத் தேடுகிறார்கள். அதற்கு முன், குழலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். கேப்பை மாட்டும் துளையுள்ள குட்டி முளையான நிப்பிளின் மேல் செப்புக் கேப் உட்கார்ந்திருந்தால் எதையும் அசைக்காமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். கேப் இல்லையென்றால், ஒல்லியான மரக்குச்சியை முட்டும்வரை குழலுக்குள் விட்டு, வாயருகே பென்சிலால் கோடு போடுங்கள். அதே குச்சியை, கோடு வாயோடு பொருந்தும்படி குழலின் வெளியே வைத்துப் பார்த்தால் நுனி நிப்பிள் பக்கத்தில் வர வேண்டும். ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றால், குண்டு இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். ஜோடித் துப்பாக்கியையும் இப்படியே அளந்து பாருங்கள். அளவு மாறினால் ஒன்றில் ஏதோ அடைத்திருக்கிறது.

அடுத்து குழலின் நிறம். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. மேலே அமிலக் கரைசல் தடவித் துருப்பிடிக்க விட்டு, வெந்நீரில் அலசி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இதையே பல தடவை செய்வார்கள். இரும்பும் எஃகும் வேறு வேறு நிறம் ஏறுவதால்தான் அந்த வரிகள் தெரிகின்றன. அதாவது, அழகான அந்தப் பழுப்பே துருதான். துருநீக்கிக்கு நல்ல துரு, கெட்ட துரு தெரியாது. பத்து நிமிடத்தில் வெள்ளைக் குழாயாக்கிவிடும். போன வரிகளை மறுபடி வரவழைத்தாலும் அது புது வேலை, விலையும் இறங்கிவிடும். விரலில் ஒட்டும் ஆரஞ்சுப் பொடியை மட்டும் மெல்லிய எண்ணெய் தொட்டு, மூங்கில் சீவலால் சுரண்டுங்கள். பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வகத்தில் உருவான ரெனெசான்ஸ் மெழுகை மெலிதாகப் பூசினால் போதும்.

நிப்பிளைச் சுற்றி மட்டும் குழிகுழியாக அரித்திருந்தால் அது கேப்பின் வேலை. அதில் கலந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து விடும் உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கேப் போடாமல் விசையை இழுத்து ‘டக்’ சத்தம் கேட்டு ரசிப்பவர்கள் நிப்பிளைத்தான் உடைக்கிறார்கள். திருகுகளின் பிளவு மிகக் குறுகல். கடை ஸ்க்ரூடிரைவர் அதில் இறங்காது, விளிம்பைக் கடித்துவிடும். நுனியைத் தேய்த்துப் பொருத்துங்கள். கழற்றிய திருகு அதே துளைக்கே போக வேண்டும். ஜோடிக்குள் மாற்றிப் போடாதீர்கள்.

பெட்டி ஓக் மரமானால் ஈயக் குண்டுகளைப் பாருங்கள். ஓக்கிலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். அது நஞ்சு, ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். கையுறை போட்டு எடுத்து பாலித்தீன் பையில் மூடி, பெட்டியின் எந்தத் தடுப்பிலிருந்து எடுத்தது என்று எழுதி, பெட்டிக்கு வெளியே வையுங்கள்.