சோளப்பொத்தி பெருத்தது விதையாலா, மாட்டுப்பட்டியாலா?

வவுனியா மாவட்டத்தில் நெடுங்கேணிப் பக்கம் ஒரு மேட்டுக்காணி. மார்கழி மழை விட்டிருந்த ஒரு காலையில் போய்ப் பார்த்தேன். சோளம் பூத்து நிற்கிறது, ஆனால் ஒன்று என் தலைக்கு மேலே, பக்கத்தில் நிற்பது இடுப்பளவு. சில செடிகளில் பொத்தியே இல்லை. காணிக்காரப் பெண் கோபமாக இருந்தார். "சேர், போன பெரும்போகம் கடையில வாங்கின விதை. அப்பிடி ஒரு விளைச்சல். அதில திறமான பொத்தியாப் பார்த்துத்தான் விதைக்கு வைச்சனான்."

அவர் வாங்கியது கலப்பின விதை. அதன் பொத்தியிலிருந்து மறுபடி விதை எடுத்தால் இப்படித்தான் கலைந்துபோகும். விதை வேலையில் இத்தனை வருடம் இருந்தும், பை விற்கும் இடத்தில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதை நான் அதிகம் கண்டதில்லை.

சோளத்தை அதன் சொந்த மகரந்தத்தாலேயே ஆறேழு தலைமுறை சேர்த்துக்கொண்டு போனால், செடி நோஞ்சானாகிக் குறுகிவிடும். அப்படிக் குறுகிய, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு பரம்பரைகளைச் சேர்த்தால் பிள்ளைச் செடி துள்ளி எழும்பும். அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷல் என்ற தாவரவியலாளர் 1908 இல் இதை எழுதினார். இன்றைய கலப்பினப் பைகளின் அடிப்படை அதுதான். ஆனால் அந்தத் துள்ளல் ஒரு தலைமுறைக்குத்தான். வயலில் அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து காய்க்கும்போது, இரு பெற்றோரைக் கொண்ட கலப்பினத்தில் கூடுதலாகக் கிடைத்ததில் பாதி போய்விடும், சீரும் குலைந்துவிடும்.

கலப்பினம் கூடாது என்று நான் சொல்லவில்லை. கிணறும், நேரத்துக்கு யூரியாவும், கோழித்தீன் ஆலைக்கு விற்க லொறி வரும் பாதையும் இருந்தால் அதையே நடுங்கள், ஒவ்வொரு போகமும் புதுப்பை வாங்குங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும். 2021 இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது, பையில் எழுதியிருந்த விளைச்சல் பையிலேயே நின்றதைப் பார்த்தோம்.

மானாவாரியாகக் கால் ஏக்கர், அரை ஏக்கர் செய்யும் குடும்பத்துக்கு ருவன், பத்ரா போன்ற இனங்கள் இருக்கின்றன. இவை காற்றில் தாமாகவே கலந்து விளைபவை. இவற்றின் விதையை வீட்டிலேயே எடுக்கலாம், எடுக்கும்போதே அந்த இனத்தை உங்கள் காணிக்கு ஏற்றபடி திருத்தவும் செய்யலாம். பிழை நடப்பது இங்கேதான். அறுத்துக் கொண்டுவந்து சாக்கில் கொட்டி, குவியலுக்குள் பெரிய பொத்தியாகத் தேடுகிறோம். அந்தப் பொத்தி எங்கே நின்றது? போன வருடம் மாட்டுப்பட்டி கட்டிய இடத்திலா? பக்கத்துச் செடி செத்து, இரண்டு செடியின் சாப்பாட்டை ஒன்றே தின்ற இடத்திலா? பட்டி தந்த பருமன் விதையோடு வராது.

இதற்கு மருந்து எளிது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கார்ட்னர் என்பவர் வயலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நல்ல செடியைத் தெரிந்தார். 1961 இல் வெளியான அவருடைய கணக்கில் விளைச்சல் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 வீதம் கூடியிருந்தது. நமக்குக் கயிறும் தடியும் போதும். 60க்கு 30 சென்ரிமீற்றரில் நட்ட கால் ஏக்கரில் ஐயாயிரத்துக்கு மேல் செடி நிற்கும். அதைப் பத்துக் கட்டமாக்கி, கட்டத்துக்குப் பத்துச் செடி எடுங்கள். பட்டிக் கட்டத்திலும் பத்து, கல்லுக் கட்டத்திலும் பத்து. ஓரவரிசை வேண்டாம். நூறு பொத்திக்குக் குறையவும் வேண்டாம். பத்துப் பதினைந்து பொத்தியில் விதை எடுத்துக்கொண்டே போனால் சொந்தத்துக்குள் கட்டிக்கொடுத்த கதைதான், போகத்துக்குப் போகம் மெல்லக் குறுகிவிடும்.

தெரிவு பூக்கிற நேரமே தொடங்க வேண்டும். மழை பிந்தினால் மேலே ஆண் பூ வந்துவிடும், பொத்தியின் பட்டு இழை வெளியே வராமல் சுணங்கும். இழை வரும்போது மகரந்தம் முடிந்துபோயிருக்கும். பல்லுப்போன பொத்தி அப்படித்தான் வருகிறது. சோளம், கோதுமை ஆராய்ச்சி செய்யும், மெக்சிகோவிலுள்ள சிமிற் நிறுவனம் வறட்சி தாங்கும் சோளத்தை உருவாக்க முக்கியமாகப் பார்த்த அடையாளம் இந்த இடைவெளிதான். ஆகவே ஆண் பூ மகரந்தம் கொட்டத் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்குள் இழை விட்ட செடிகளில் பழஞ்சேலைத் துண்டைக் கட்டிவையுங்கள். அறுவடையில் அந்தச் செடிகளுக்குள், சாயாமல் நிற்பதையும், மட்டை பொத்தியின் நுனிவரை இறுக மூடியிருப்பதையும் எடுங்கள். மட்டை திறந்திருந்தால் மழையும் வண்டும் உள்ளே போகும். 2018 இல் வந்துசேர்ந்த சேனா படைப்புழுவுக்கு இந்தத் தெரிவு மருந்தல்ல. அதற்குக் காலையில் குருத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

பக்கத்துக் காணியில் கலப்பினம் நின்றால் அதன் மகரந்தம் வந்து கலக்காதபடி இருநூறு மீற்றராவது தள்ளுங்கள், அல்லது மூன்று கிழமை பிந்தி நடுங்கள். காட்டோரத் துண்டுக் காணிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. யானைத் தொல்லைக்கு நடுவே கிடைக்கும் ஒரே இலாபம்! காய்ந்த விதை கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும்.

கடைசி வேலைக்குத்தான் எல்லோரும் மறுப்பார்கள். மகரந்தம் கொட்டமுன் நோஞ்சான், நோய்ச் செடிகளின் ஆண் பூவை இழுத்துப் பிடுங்கிவிடுவது. நாம் தெரிவது தாயை மட்டும். தகப்பன் காற்றில் வருபவன், அவனும் பாதி. பட்டியில் நோஞ்சான் நாம்பனை விட்டுவைப்போமா?

நெடுங்கேணிக்காரர் அடுத்த பெரும்போகம் ருவன் போட்டார். பூப் பிடுங்கச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். பிறகு ஒருநாள் தொலைபேசியில், "சேர், பிடுங்கின பூவை மாட்டுக்குப் போடலாமோ?" என்றார். போடலாம் என்றேன். "நான் நேற்றே போட்டிட்டன்."