கேமராவைப் பார்க்காத முகங்கள்

‘எங்களுக்கு கேண்டிட் படங்கள்தான் வேண்டும்’ என்று சொல்லித்தான் இப்போது பெரும்பாலான குடும்பத்தினர், விழாப் புகைப்படக்காரரான என்னிடம் பேச்சைத் தொடங்குகிறார்கள். கூடவே ஒரு பட்டியலும் வரும். மணமகள் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துச் சிரிக்க வேண்டும். மணமகன் பின்னாலிருந்து வந்து அவள் கண்களைப் பொத்த வேண்டும். நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் துள்ளிக் குதிக்க வேண்டும். கேட்டால் எடுத்துத் தருகிறேன். ஆனால் சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்த எதுவும் கேண்டிட் ஆகாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்காக எதையும் செய்யாதபோது மனிதர்கள் எப்படி இருக்கிறார்களோ, அதைத்தான் இந்த வகைப் படம் பிடிக்கிறது. அதற்குப் பட்டியல் போட முடியாது. இடமும் நேரமும் கொடுக்கலாம். அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் விழா நடத்துகிறவர்கள்.

சிரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மருத்துவர் கியோம் டுஷென் 1862-இல் முகத் தசைகளைப் பற்றி எழுதியபோது ஒன்றைக் கவனித்துச் சொன்னார். உதட்டோரங்களை மேலே இழுக்கும் தசை நாம் நினைத்தவுடன் வேலை செய்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உள்ளே மகிழ்ச்சி எழுந்தால்தான் அசைகிறது. சிலரால் கண்ணையும் பழக்கிவிட முடியும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் வெகுநேரம் மேடையில் நின்ற மணமக்களிடம் அந்தத் தெம்பு இருப்பதில்லை. அவர்கள் படங்களை வரிசையாகப் பாருங்கள்: உதடு கடைசி விருந்தினர் வரைக்கும் சிரித்துக்கொண்டிருக்கும், கண் எப்போதோ களைத்துப்போயிருக்கும். அதே மணமகள் தோழி ஒருத்தி காதோரம் ஏதோ சொன்னதும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும்போது கண் பாதி மூடிவிடும், கழுத்து நரம்பு தெரியும், ஒப்பனை கலையும். ஆல்பத்தில் எல்லோரும் நின்று பார்ப்பது அந்தப் படத்தைத்தான்.

குழந்தைகளிடம் இது இன்னும் கறாராக நடக்கிறது. பிறந்தநாள் மேடையில் நிற்கும் மூன்று வயதுக் குழந்தையை ஏழெட்டுப் பெரியவர்கள் ஏழெட்டுப் பக்கங்களிலிருந்து பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஒருவர் கைதட்டுகிறார், ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டுகிறார், ‘இங்கே பார், சிரி, பல்லைக் காட்டு’ என்று அப்பா கத்துகிறார். குழந்தை பல்லைக் காட்டுகிறது. அதைச் சிரிப்பு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கேமராவைக் கண்டதும் பல்லைக் காட்டப் பழகிவிட்ட குழந்தையிடமிருந்து அந்தப் பழக்கம் போவதற்குள் விழாவே முடிந்துவிடுகிறது. பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: குடும்பத்தோடு நிற்கும் படத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், அதை முதலிலேயே முடித்துவிடுவோம். அதன் பிறகு ‘கேமராவைப் பார்’ என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது.

ஒளிந்திருந்து எடுத்தால்தான் இயல்பான படம் கிடைக்கும் என்று புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் பலர் நம்புகிறார்கள். நீண்ட லென்ஸை மாட்டிக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இந்த வகைப் படத்தின் முன்னோடியான ஜெர்மானியர் எரிக் சாலமன் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தார். 1928-இல் கேமராக்களுக்கு அனுமதியில்லாத நீதிமன்றத்துக்குள் தொப்பிக்குள் கேமராவை மறைத்து எடுத்துச் சென்றார். எர்மனாக்ஸ் என்ற அவருடைய சிறிய கேமராவில் அந்தக் காலத்துக்கு அசாத்தியமான அளவு வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் இருந்ததால் அறை விளக்கிலேயே, ஃபிளாஷ் இல்லாமல், படம் விழுந்தது. ஆனால் அவர் எடுத்தவற்றில் மிகவும் புகழ்பெற்ற ஒரு படத்தைப் பாருங்கள். 1931-இல் பாரிஸில் நடந்த விருந்து ஒன்றில், பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் அரிஸ்டீட் பிரியான் கூட்டத்துக்கு நடுவே சாலமனைக் கண்டுபிடித்து, சிரித்தபடி அவரை நோக்கி விரலை நீட்டுகிறார். அங்கே புகைப்படக்காரர் மறைந்திருக்கவில்லை. அவர் அந்த அறையில் இருப்பது எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

அந்தப் பழக்கத்தைத்தான் நான் நாடுகிறேன். நிகழ்ச்சி தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே போய்விடுவேன். முதல் சிறிது நேரம் கேமரா தோளில்தான் தொங்கும். பாட்டியிடம் பேசுவேன், நாற்காலி நகர்த்த ஒரு கை கொடுப்பேன், குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து அவர்களையே கேமராவைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். பின்னால் இருக்கும் திரையில் தங்கள் மூக்கைப் பெரிதாகப் பார்த்துவிட்டால் குழந்தைகளின் ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கருவியிலும் சில ஏற்பாடுகள் உண்டு. ஃபோகஸ் செய்யும்போது எரியும் சிறு விளக்கை அணைத்துவிடுவேன், ‘பீப்’ ஒலியையும்தான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் லைகா கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மூடிவைத்திருந்தார். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே நம்பினார். அப்படிப்பட்ட லென்ஸைக் கொண்டு முகத்தை எடுக்க வேண்டுமென்றால் எதிரிலிருப்பவரின் அருகே போயாக வேண்டும். அருகே போக அவர் நம்மை அனுமதித்திருக்க வேண்டும். 35 மி.மீ., 50 மி.மீ. லென்ஸ்களை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். தூரத்திலிருந்தே எடுக்க உதவும் 85 மி.மீ. லென்ஸும் 70–200 மி.மீ. லென்ஸும் பையில் இருக்கும். சடங்கு நடக்கும்போது இடையில் புகுந்து கெடுக்காமல் இருக்க அவை வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி விழா நடத்துகிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை, ஆனால் பாதிப் படம் அங்கேதான் தீர்மானமாகிறது. ஓடுகிற குழந்தையை உறைந்தாற்போல் பிடிக்க, ஒளியை உள்ளே விடும் ஷட்டர் 1/500 விநாடி மட்டுமே திறந்திருக்க வேண்டும். நடக்கிறவர்களுக்கு 1/250 போதும். அறை மங்கலாக இருந்தால் அந்த வேகத்துக்குக் கேமராவின் ஒளி உணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 3200, 6400 என்று ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும், வந்தாலும் பரவாயில்லை. அசைந்து கலங்கிய முகத்தைவிட அது மேல். அலங்காரத்துக்காக மாட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகள் இன்னொரு தொல்லை. மின்சாரம் விநாடிக்கு 50 முறை சுழலும் நாடுகளில் அவற்றில் பல விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சத்தமே வராத மின்னணு ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 விநாடிக்கு இறங்கினால் பட்டை மறையும், ஆனால் ஓடும் குழந்தை கலங்கிவிடும். எனவே இத்தகைய இடங்களில் நான் அமைதியை விட்டுக்கொடுத்து, இயந்திர ஷட்டருக்கும் கேமராவின் மினுங்கல் தடுப்பு அமைப்புக்கும் மாறிவிடுகிறேன். பகலில் விழா வைத்து, ஜன்னல் திரைகளை விலக்கி வைத்தீர்களானால் இந்தச் சிக்கலே எழாது. பிறந்தநாளில் மெழுகுவர்த்தி ஊதும் நேரத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுகிறார்கள். ஓரமாக ஒரே ஒரு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். ஊதி அணைத்த அடுத்த நொடியில் அந்த முகத்தில் வருவதுதான் படம். முழு இருட்டில் அது போய்விடுகிறது.

ஃபிளாஷ் குழந்தையின் கண்ணைக் கெடுத்துவிடுமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். சாதாரணக் கேமரா ஃபிளாஷ் கண்ணுக்குக் கேடு செய்வதாகச் சான்று இல்லை. நேராக முகத்தில் அடித்தால் குழந்தை திடுக்கிடும், அவ்வளவே. அதனால் வெள்ளைக் கூரை இருந்தால் அதன்மேல் அடித்து வெளிச்சத்தைச் சிதறவிடுகிறேன். இந்த இடத்தில் விழாவுக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் ஒவ்வொரு பெற்றோரிடமும் நான் சொல்லும் ஒரு செய்தி உண்டு. நேர் ஃபிளாஷில் எடுத்த படங்களில் கண்மணி சிவப்பாகத் தெரிவது வழக்கம். ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாக அல்லது மஞ்சளாகவும் பல படங்களில் தெரிந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் படம் எடுத்த கோணத்தால் அப்படித் தெரிந்திருக்கும். ஆனால் கண்புரையும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கே பெரும்பாலும் வரும் விழித்திரைப் புற்றுநோயும் இப்படித்தான் முதலில் கண்ணில் படுவதுண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணப்படுத்தக்கூடிய நோய் அந்தப் புற்றுநோய்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்பதற்கு வருகிறேன். திருமணத்தில் எல்லோரும் மேடையைப் பார்க்கும்போது நான் மேடைக்கு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறேன். மகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவை யாரும் பார்ப்பதில்லை. அழுகையை அடக்க அவர் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வதுபோல் குனிவார். மணமகளின் தங்கை, இனி அந்த அறையில் தனியாகப் படுக்கப்போகிறவள், கூட்டத்தின் ஓரத்தில் நிற்பாள். சடங்கு முடிந்து எல்லோரும் கலையும் முதல் ஐந்து நிமிடம் மிக முக்கியமானது. அதுவரை இறுக்கிப் பிடித்திருந்ததெல்லாம் அப்போதுதான் தளர்கிறது. அந்த நேரம் பார்த்து ‘குரூப் போட்டோவுக்கு வாருங்கள்’ என்று யாராவது மைக்கில் அழைத்துவிட்டால் எல்லாம் போய்விடும். நிகழ்ச்சி நிரலில் அந்த இடைவெளியை எழுதிவைக்கச் சொல்கிறேன்.

பிறந்தநாள் விழாவில் முதல் விதி, குழந்தையின் தூக்க நேரத்தில் விழா வைக்கக் கூடாது. இரண்டாவது, கேமரா குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும்; முழங்காலில் நின்று எடுக்க மனமில்லாதவர் இந்த வேலைக்கு வரவேண்டாம். கேக் வெட்டும் நேரத்தைவிட அதற்கு முந்தைய அரைமணி நேரமும், விருந்தினர் போன பிறகு பரிசுப் பொட்டலங்களுக்கு நடுவே குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரமும் எனக்குப் பிரியமானவை. பொம்மையை விட்டுவிட்டு அது வந்த அட்டைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் குழந்தையை எந்த அலங்கார மேடையும் தர முடியாது. கூச்ச சுபாவமுள்ள குழந்தைகளைத் துரத்தாதீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் நானும் கேமராவை இறக்கிவிடுகிறேன். பேசத் தெரியாத வயதில் அந்தத் திருப்பல்தான் ‘வேண்டாம்’ என்ற சொல்.

விருந்தினர்களின் கைப்பேசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கியமான நொடியில் நீட்டிய கைகளும் ஒளிரும் திரைகளும்தான் முன்னால் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னாலிருக்கும் முகங்களும் திரையைத்தான் பார்க்கின்றன. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் அருங்காட்சியகத்தில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படமெடுத்த பொருள்களை மக்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று கண்டார். சடங்கு நடக்கும் நேரத்துக்கு மட்டும் கைப்பேசியை உள்ளே வைக்குமாறு வீட்டுப் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்டுக்கொண்டாலே போதும், கூட்டம் கேட்கிறது.

இனி எனக்கு மிகவும் கனமாகப் படும் பகுதி. போஸ் கொடுப்பவர் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று தானே முடிவு செய்கிறார். கேண்டிட் படத்தில் அந்த முடிவு அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. ஆகவே அவருடைய மானத்தைக் காக்கும் கடமையும் என்னிடம் வந்துவிடுகிறது. வாயில் உணவோடு இருப்பவர், உடை விலகியிருப்பவர், பால் கொடுக்கும் தாய், குடும்பத்துக்குள் மூண்ட வாக்குவாதம், குளியலறைக்கு ஓடும் குழந்தை ஆகியவற்றை நான் எடுப்பதில்லை. தவறிப் பதிந்திருந்தால் யாரும் பார்க்குமுன் அழித்துவிடுகிறேன். உடை மாற்றும் அறைக்குள் மணமகள் அழைத்தால்தான் போவேன், அதுவும் கதவைத் தட்டி. கண்ணீரைப் பொறுத்தவரை, எடுப்பேன். ஆனால் அழுதவருக்குத்தான் முதலில் காட்டுவேன். அவர் வேண்டாம் என்றால் அது ஆல்பத்துக்குப் போகாது, மணமக்களே கேட்டாலும்.

குழந்தைகளின் படங்களை இணையத்தில் போடும் பெற்றோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிறந்தநாள் படத்தின் பின்னணிப் பலகையில் குழந்தையின் முழுப்பெயர் இருக்கிறது, எத்தனையாவது பிறந்தநாள் என்ற எண் இருக்கிறது, பதிவிட்ட தேதியும் இருக்கிறது. பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தால் ஆள் யார் என்று உறுதிசெய்யப் பல இடங்களில் கேட்கும் விவரங்கள் கிடைத்துவிடுகின்றன. கைப்பேசியில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால் கோப்புக்குள் வீட்டின் ஜி.பி.எஸ். குறிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும், கோப்பாகவே அனுப்பினால் அதுவும் சேர்ந்து போகும். குளியல் தொட்டியில், உள்ளாடையில், அழுதபடி இருக்கும் படங்கள் குடும்பத்தைத் தாண்டவே கூடாது. விழாவுக்கு வந்த மற்றக் குழந்தைகளின் முகங்கள் உங்களுக்குச் சொந்தமல்ல. அவர்களுடைய பெற்றோரைக் கேட்ட பிறகே பதிவிடுங்கள். ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16-ஆவது பிரிவு, அந்தரங்கத்துக்கான உரிமை குழந்தைக்கும் உண்டு என்கிறது. ஆறேழு வயதுக் குழந்தையிடம் படத்தைக் காட்டி ‘இதை எல்லோருக்கும் காட்டலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள்; மிகத் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

புகைப்படக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் இணையத்தில் போட்டிருக்கும் சிறந்த இருபது படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே விழாவின் முழுத் தொகுப்பு ஒன்றை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, காட்டச் சொல்லுங்கள். இரண்டு நினைவக அட்டைகளில் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமரா வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஓர் அட்டை பழுதானால் போன இயல்பான நொடி திரும்ப வராது. உங்கள் படங்களைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவாரா, குழந்தைகளின் படங்களை அதிலிருந்து விலக்கிவைப்பாரா, மூலக் கோப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பார், ஒரு படத்தை நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்குவார் என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.