பலகையில் 1, மாடியில் 11

பள்ளிகளுக்கும் பண்ணைகளுக்கும் வானிலைக் கருவிகள் பொருத்திக் கொடுப்பது என் வேலை. போன ஏப்ரலில் ஒரு பள்ளியின் மொட்டை மாடியில் நின்றிருந்தேன். மணி பன்னிரண்டேகால். வெறுங்கால் வைக்க முடியாத சூடு. நிழல் காலடிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. கீழே வராந்தாவில் மாட்டியிருந்த பலகையோ ‘புற ஊதாக் குறியீடு 1’ என்று பச்சை நிறத்தில் காட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சொல்லும் எண் அது; 1 என்றால் பயமில்லை என்று பொருள். அதை நம்பித்தான் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மாடியிலிருந்து அந்த எண்ணை அனுப்பும் சென்சாரில் பழுது எதுவும் இல்லை. மழைக்குப் பயந்து அதன்மேல் பாலிகார்பனேட் மூடி போட்டிருந்தார்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருக்கும். ஆனால் புற ஊதாவை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். நாலு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்தேன். சில நொடிகளில் பலகையில் 11. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதுதான் உச்ச வகையின் தொடக்கம். நம் ஊர்க் கோடையில், நண்பகலில் இது அதிசயமான எண்ணே இல்லை.

எண் கூடுதலாக வந்தால் யாராவது சந்தேகப்பட்டுக் கேட்பார்கள். குறைவாக வந்தால் யாரும் கேட்பதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

மூடியாக ஜன்னல் கண்ணாடியும் உதவாது. தோலைச் சுடும் யூவி-பி கதிரை அது விடாது. குவார்ட்ஸ் தகடு அல்லது மெல்லிய டெஃப்லான் தாள் போடுங்கள். டெஃப்லான் சாய்வாக வரும் ஒளியையும் பரப்பி உள்ளே அனுப்பும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கொஞ்சம் ஒளியை விழுங்கும். மேகமில்லாத நண்பகலில் தாளோடும் தாள் இல்லாமலும் மாற்றி மாற்றி ஐந்தாறு முறை அளந்து, தாள் இல்லாத எண்ணைத் தாளோடு வந்த எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கெயின், அதாவது சென்சார் தன் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அளவு. எல்டிஆர்390 சென்சாரில் ஒளி, புற ஊதா இரண்டையும் அளக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான். புற ஊதாவுக்கு கெயின் 18, துல்லியம் 20 பிட் என்று வைத்தால் 2300 எண்ணிக்கைக்கு ஒரு குறியீடு என்று கணக்கு வரும். அதே கெயினை மாற்றாமல் ஒளியை அளந்தால் சுமார் 8,700 லக்ஸிலேயே (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) சென்சார் நிரம்பிவிடும், எண் அதற்கு மேல் ஏறாது. நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸைத் தாண்டும். ஒளிக்கு மாறும்போதெல்லாம் கெயினை 1-க்கு இறக்கி, திரும்பும்போது 18-க்கு ஏற்ற வேண்டும். நிரலில் இந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஒளியை மட்டும் அளக்கும் பிஎச்1750 சென்சாரிலும் இதே கதைதான். வாங்கி அப்படியே மாட்டினால் 54,612 லக்ஸுக்கு மேல் ஏறாது. வரைபடத்தில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தால் அது வானம் தெளிவாக இருந்ததால் அல்ல. அளவீட்டு நேர ரெஜிஸ்டரை, அதாவது ஒவ்வொரு அளவுக்கும் எவ்வளவு நேரம் எடுப்பது என்று சென்சாருக்குச் சொல்லும் எண்ணை, 69-இலிருந்து 31-க்குக் குறைத்தால் சுமார் 1,21,500 வரை போகும். அப்புறம் விடையை 69/31-ஆல் பெருக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் உச்சி வெயில் பாதிக்கும் கீழே தெரியும்.

புற ஊதாக் குறியீடு தரும் இன்னொரு சென்சாரான எஸ்ஐ1145-ஐப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதற்குள் புற ஊதா உணரியே கிடையாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. பிள்ளைகளின் தோலை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் நான் அதைப் பொருத்துவதில்லை.

பொருத்தும்போது ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாலையில் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். கொடைக்கானல் மாதிரி உயரமான ஊர் என்றால் குளிரை நம்பாதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடும், உடம்புக்குத் தெரியாது.

அந்தப் பள்ளியில் இப்போது டெஃப்லான் தாள் போட்டாயிற்று. திங்கள்தோறும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஈரத்துணியோடு மாடிக்குப் போய்க் காக்கை எச்சத்தையும் தூசியையும் துடைக்கிறாள். துடைப்பதற்கு முன் வந்த எண், பின் வந்த எண் இரண்டையும் நோட்டில் எழுதி வைக்கிறாள்.