காலாவதியான காப்புரிமையைக் கையில் எடுக்கும் முன்: செக்அவுட் கட்டுவோர் கவனத்துக்கு

கூகுளின் காப்புரிமைத் தேடல் தளமான கூகுள் பேட்டன்ட்ஸில், ஒரு செக்அவுட் முறையின் (இணையக் கடையில் ஆர்டர் போட்டுப் பணம் கட்டும் கட்டத்தின்) காப்புரிமை ‘எக்ஸ்பயர்ட்’ என்று பார்த்த மறுநாளே அந்த முறையைக் கோடில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள் பலர். அந்தத் தளம் காட்டும் நிலை ஓர் ஊகம்தான், சட்ட முடிவல்ல என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதைப் படிப்பவர்கள் குறைவு.

ஒரே கிளிக்கில் பொருளை வாங்கவைக்கும் அமேசானின் ‘ஒன்-கிளிக்’ காப்புரிமையையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க எண் 5,960,411. விண்ணப்பித்தது 1997 செப்டம்பர் 12, கிடைத்தது 1999 செப்டம்பர் 28. கிடைத்த நாளிலிருந்து 20 ஆண்டு எண்ணினால் 2019 வரும், அது தவறு. 1995 ஜூன் 8 முதல் போட்ட விண்ணப்பங்களுக்கு விண்ணப்ப நாளிலிருந்துதான் கணக்கு என்பதால் 2017 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. கனடாவில் ஓராண்டு தாமதமாக விண்ணப்பித்ததால் 2018 வரை இருந்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ விண்ணப்பத்தையே நிராகரித்தது. ஆகவே உங்கள் வாடிக்கையாளர்கள் இருக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

‘காலாவதி’ இரண்டு வகை. ஆயுள் முடிந்தது ஒன்று. புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விழுந்தது இன்னொன்று. அமெரிக்காவில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்டணம் கட்ட வேண்டும். தெரியாமல் தவறவிட்டதாக மனுப் போட்டு உரிமையாளர் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். இந்தியாவிலும் 18 மாதத்துக்குள் மீட்க வழியுண்டு. இந்த இரண்டாவது வகையை நம்பி ஒரு பொருளைக் கட்டுவது எங்கள் பார்வையில் ஆபத்து. இன்னொன்று: 2000 மே 29 முதல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு, காப்புரிமை அலுவலகத்தின் தாமதத்துக்காக ஆயுளில் சில நூறு நாள்கள்கூடக் கூடியிருக்கலாம். முதல் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு இருக்கும் அறிவிப்பைப் படியுங்கள்.

அடுத்து, விளக்கப் பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். காப்புரிமையின் எல்லையைத் தீர்மானிப்பவை கடைசியில் உள்ள கோரல்கள் (கிளெய்ம்ஸ்), அதாவது எது தனக்கு உரியது என்று உரிமையாளர் எண்ணிட்டு எழுதும் வாக்கியங்கள். ஒன்-கிளிக்கின் முதல் கோரல் இவ்வளவுதான்: பொருளைக் காட்டு, ஒரே ஒரு செயலில் வாங்குபவரின் அடையாளத்தோடு கோரிக்கையை சர்வருக்கு அனுப்பு, ஏற்கெனவே சேமித்த விவரத்தை எடுத்து ஆர்டரை உருவாக்கி நிறைவேற்று, பொருள்களைக் கூடையில் சேர்க்கும் கார்ட் முறை வேண்டாம். ‘ஒரே’ என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே இருந்தது. அமேசான் தொடுத்த வழக்கில் 1999 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபோது, போட்டிப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபல் இன்னொரு கிளிக்கைச் சேர்த்துத்தான் தப்பியது. அந்தத் தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் நீக்கியது.

இந்த அடிப்படை முறை இன்று எல்லோருக்கும் பொது. ஆனால் அதன்மேல் பிறர் எடுத்த மேம்பாட்டுக் காப்புரிமைகள் உயிரோடு இருக்கலாம். பழைய ஆவணத்தை மேற்கோள் காட்டியவற்றின் பட்டியலைத் திறந்து, நீங்கள் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வசதியையும் அவற்றோடு ஒப்பிடுங்கள். பழைய ஆவணத்தில் உள்ளதை அப்படியே உள்ளடக்கும் கோரலை யாராவது பின்னாளில் வைத்திருந்தால், அதில் புதுமை இல்லை என்று வாதாட அந்தப் பழைய ஆவணமே சான்று. அதன் பிரதியைத் தேதியோடு கோப்பில் வையுங்கள்.

கோடில் பெரும்பாலும் உடைவது இரட்டைக் கிளிக்கில். நெட் மெதுவாக இருந்தால் வாடிக்கையாளர் பட்டனை மறுபடி அழுத்துவார்; இரண்டு ஆர்டர் போகும், இரண்டு முறை பணம் பிடிக்கும். பக்கம் திறக்கும்போதே ஒரு தனித்த சாவியை (அந்த ஆர்டருக்கு மட்டுமான அடையாளக் குறியீட்டை) உருவாக்கி, ஆர்டர் அட்டவணையில் அதைச் சேமிக்கும் பத்திக்கு, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். அதே சாவியை, பணத்தைப் பிடிக்கும் பேமென்ட் கேட்வேக்கும் அனுப்புங்கள். பட்டனை மங்கலாக்கினால் மட்டும் போதாது. ஆப் தானாகவே கோரிக்கையை மறுமுறை அனுப்பக்கூடும்.

இந்தியாவில் 1997 வடிவத்தை அப்படியே பின்பற்றவும் முடியாது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர் கார்டு எண்ணைச் சேமிக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கார்டு எண்ணுக்குப் பதிலாகத் தரப்படும் டோக்கன் என்ற மாற்று எண் மட்டுமே, அடையாளத்துக்குக் கடைசி 4 இலக்கமும் வங்கிப் பெயரும் வைக்கலாம். உள்நாட்டுக் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாம் சரிபார்ப்பும் வேண்டும். ஆக, முகவரியையும் டோக்கனையும் ஒரே கிளிக்கில் நிரப்பி, ஓடிபி திரையில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பட்டனுக்கு ‘1-கிளிக்’ என்று பெயர் வைக்காதீர்கள். அது அமேசானின் வணிகக்குறி. காப்புரிமை முடிந்ததால் வணிகக்குறி முடிவதில்லை. ‘உடனே வாங்கு’ போதும்.