'பிரையர்' என்றால் எந்தத் தேதிக்கு முன்பு? மருத்துவக் காப்பீடு எடுப்போர் கவனத்திற்கு

மருத்துவக் காப்பீட்டு பாலிசியில் ஏற்கெனவே இருந்த நோய்களைப் பற்றிச் சொல்லும் பகுதியில் 'பிரையர்' என்ற ஆங்கிலச் சொல் தவறாமல் இடம்பெற்றிருக்கும். அதற்கு 'முன்பு' என்று பொருள் என்பது அனைவருக்கும் தெரியும். எந்தத் தேதிக்கு முன்பு என்பதைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. நிராகரிக்கப்பட்ட கிளெய்ம்களுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகராக நான் சந்திப்பவர்களில் பலர், மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பு இருந்த நோய் என்றோ, கடைசியாகப் புதுப்பித்த நாளுக்கு முன்பு வந்த நோய் என்றோ எண்ணியிருக்கிறார்கள். இரண்டும் தவறு. பாலிசி முதன்முதலில் நடைமுறைக்கு வந்த தேதி எதுவோ, அதற்கு முன்பு என்பதே அச்சொல்லின் பொருள்.

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறைகளின்படி, பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், அதே காலத்திற்குள் மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைக்கப்பட்ட அல்லது பெறப்பட்ட நோயும் 'முன்பே இருந்த நோய்' என்ற வரையறைக்குள் வருகின்றன. அத்தகைய நோய்க்குக் காப்பீடு கிடைப்பதற்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் 36 மாதங்கள்தான்; முன்னர் இவை 48 மாதங்களாக இருந்தன. எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் 36 மாதங்கள் தொடக்கத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுபவை. மற்றவை அதே தேதியிலிருந்து முன்னோக்கி எண்ணப்படுபவை.

2025 ஜூலை 1 அன்று ஒருவருடைய பாலிசி தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் அவருக்குச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டிருந்தால் அது முன்பே இருந்த நோய். பாலிசி முழுக் காத்திருப்புக் காலத்தையும் விதித்திருந்தால், அந்நோய் தொடர்பான கிளெய்மை 2028 ஜூன் முடியும்வரை நிறுவனம் ஏற்காது. அதே நோய் முதன்முதலில் 2025 செப்டம்பரில் கண்டறியப்பட்டிருந்தால், 2026இல் பாலிசியைப் புதுப்பித்த பிறகு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அது முன்பே இருந்த நோய் ஆகாது. பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த நோய்க்கு இன்றுவரை மாத்திரை சாப்பிட்டு வந்தால், சிகிச்சை அந்த 36 மாதங்களுக்குள்ளும் தொடர்ந்திருப்பதால் அது வரையறைக்குள் வந்துவிடுகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சை செய்து, அதன்பின் அதற்காக மருத்துவரையே பார்க்காதவருக்கு அது வரையறைக்குள் வராது. ஆனால் பாலிசி எடுக்கும்போது நிரப்பித் தரும் முன்மொழிவுப் படிவம் 'எப்போதாவது அறுவை சிகிச்சை செய்துகொண்டீர்களா' என்று கேட்டால், அதற்கு உண்மையான பதிலைக் கட்டாயம் எழுத வேண்டும். அக்கேள்விக்கு 36 மாத எல்லை கிடையாது. முகவர் தாமே 'இல்லை' என்று நிரப்பிக் கொடுத்துக் கையெழுத்து மட்டும் கேட்கும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. படிவத்தைத் தயவுசெய்து நீங்களே படித்து நிரப்புங்கள்.

தேதியைத் தீர்மானிக்கும் ஆவணம் பல நேரங்களில் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் உருவாகிறது. நெஞ்சுவலியோடு அப்பாவை அழைத்து வந்திருக்கும் மகனிடம் பணியிலிருக்கும் மருத்துவர், "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்கிறார். பதற்றத்தில் இருக்கும் மகன், "நாலஞ்சு வருஷம் இருக்கும் டாக்டர்" என்கிறார். கேஸ் ஷீட்டில் 'ஐந்து ஆண்டுகளாக' என்று பதிவாகி, அதுவே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போய்விடுகிறது. நோய் உண்மையில் கண்டறியப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்து, பாலிசிக்கு மூன்று ஆண்டுகள் நிறைந்திருந்தாலும், அந்த ஒரு வரியைக் காட்டி, நோயை மறைத்துவிட்டதாக நிறுவனம் கிளெய்மை மறுக்கக்கூடும். ஆகவே நோய் முதன்முதலில் தெரியவந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையையும், முதல் மருந்துச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன் சம்மரியைப் படித்துப் பாருங்கள். காலம் தவறாகப் பதிவாகியிருந்தால், அந்த ஆவணங்களைக் காட்டித் திருத்தித் தருமாறு மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். உண்மையான பதிவை மாற்றச் சொல்லிக் கேட்பது மோசடி; அதற்கு நான் ஒருபோதும் துணை போவதில்லை.

காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால், உயர்த்திய தொகைக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். பாலிசியை, கெடு முடிந்த பிறகும் பிரீமியம் கட்டத் தரப்படும் சலுகைக் காலத்திற்குள்ளும் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் தொடர்ச்சி அறுந்து, 'முன்பு' என்பதற்கான தேதியே மாறிவிடும். விதிப்படி வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்பவருக்கு ஏற்கெனவே காத்திருந்த காலம் கணக்கில் சேரும். தொடர்ந்து 60 மாதங்கள் நிறைந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, தகவலை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது.

நிராகரிப்பு நியாயமற்றது என்று கருதினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மனுவின் முதல் பக்கத்திலேயே பாலிசி முதலில் தொடங்கிய தேதி, ஒவ்வொரு முறை புதுப்பித்த தேதி, நோய் கண்டறியப்பட்ட தேதி, மருத்துவமனையில் சேர்ந்த தேதி ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய ஆவண நகலைப் பின்னால் இணைத்துவிடுங்கள்.