சுருளுக்குள் காணாமல் போகும் மின்சாரம்

5 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய்மேல் 1 மி.மீ. எனாமல் செம்புக் கம்பியை ஒட்டி ஒட்டி 12 சுற்று சுற்றினால், ஏறக்குறைய 10 மைக்ரோஹென்ரி சுருள் கிடைக்கும். 55 பிக்கோஃபாரட் மின்தேக்கியோடு சேர்த்தால் அது 6.78 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரும். கம்பியில்லா மின்னூட்டத்துக்குப் பயன்படும் அதிர்வெண்களில் இதுவும் ஒன்று. அதனால் பினாங்கில் பாலிடெக்னிக் பிள்ளைகள் இறுதித் திட்டத்துக்கு இதை ஆசையாக எடுப்பார்கள். பிறகு இப்படி வந்து நிற்பார்கள்: “அண்ணே, கணக்குல கியூ ஆயிரத்துக்கிட்ட வருது. அளந்தா நூத்தி ஐம்பதுகூட இல்ல. மிச்சம் எங்க போச்சு?”

கியூ என்பது, சுருள் தன்னிடம் உள்ள ஆற்றலை எவ்வளவு நேரம் விடாமல் வைத்திருக்கும் என்பதற்கான எண். கியூ 1000 என்றால் அதிர்வின் வீச்சு 37 விழுக்காடாகக் குறைய 318 அலைவுகள் ஆகும். 150 என்றால் 48 அலைவுகளிலேயே அந்த நிலைக்கு வந்துவிடும்.

முதல் சந்தேகம் கம்பியின் மேல். நேர்மின்சாரத்தில் இந்தக் கம்பியின் மின்தடை 0.04 ஓம்தான். ஆனால் 6.78 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல் 0.025 மி.மீ. தடிமனுக்குள் ஒதுங்கிவிடும், உள்ளே இருக்கும் செம்பு சும்மா கிடக்கும். மின்தடை பத்து மடங்காகி 0.4 ஓமைத் தொடும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளின் ‘ஆயிரம்’கூட இதைச் சேர்த்துப் போட்ட கணக்குதான்.

அவர்கள் கணக்கில் விட்டது பக்கத்துச் சுற்றை. ஒவ்வொரு சுற்றின் காந்தப்புலமும் அடுத்த சுற்றுக்குள் புகுந்து சுழல் மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. கம்பியைச் சுற்றிலும் சமமாகப் பரவியிருந்த மின்னோட்டம் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. ஏற்கெனவே மெல்லிய பாதை இன்னும் குறுகிப் போகிறது. 1920களில் இதற்குச் சூத்திரம் எழுதியவர் எஸ். பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர். (பினாங்குத் தீவிலிருந்து நம் ஃபெரி போய்ச் சேரும் பட்டர்வொர்த் ஊருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, அது ஓர் ஆளுநரின் பெயர்.) நெருக்கமாகச் சுற்றிய சுருள்களில் அந்தச் சூத்திரம் உண்மையோடு ஒத்துப்போகவில்லை. மெட்ஹர்ஸ்ட் என்பவர் பல சுருள்களைச் சுற்றி, அளந்து, 1947இல் அட்டவணையாகவே வெளியிட்டார். கம்பிகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கினால் மின்தடை மூன்று முதல் ஆறு மடங்குவரை ஏறும் என்று அதில் தெரிகிறது. ஒரு கம்பி அகலத்துக்கு இடைவெளி விட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கோடு நின்றுவிடும். தூண்டம், அதாவது அந்த மைக்ரோஹென்ரி எண், கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆனாலும் லாபம்தான். தடித்த கம்பியை நெருக்கிச் சுற்றுவதைவிட இடைவெளி விட்டுச் சுற்றுவது நல்லது என்று சொன்னால் பலர் நம்புவதே இல்லை.

இதையும் சேர்த்தால் கியூ 200 பக்கம் வந்துவிடும். மீதிக் குறைவுக்கு நான் சந்தேகப்படுவது அந்தக் குழாயை. பி.வி.சி. மலிவு, எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். ஆனால் உயர் அதிர்வெண்ணில் மின்புலத்தின் ஆற்றலை வெப்பமாக்குவதில் பாலிஸ்டைரீனைவிடப் பல மடங்கு மோசம். அட்டைக் குழாய் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஒரு கியூ, ஏர்கான் அறையில் வைத்தபின் இன்னொரு கியூ.

குற்றவாளி கம்பியா, குழாயா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டும் அதிர்வெண்ணோடு ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதிர்வெண் இரட்டிப்பானால் செம்பின் மின்தடை 1.4 மடங்குதான் ஏறும். குழாயின் இழப்பையும் தொடர் மின்தடையாக (கம்பியோடு வரிசையில் நிற்கும் மின்தடைபோல) மாற்றி எழுதினால், அது எட்டு மடங்கு எகிறும். ஆகவே மின்தேக்கியை நான்கு மடங்கு பெரிதாக்கி 3.39 மெகாஹெர்ட்ஸில் ஒரு முறை அளந்து, இரண்டு மின்தடைகளையும் ஒப்பிட்டால் போதும். மின்தேக்கி மட்டும் மைக்காவாகவோ காற்று வகையாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் இழப்பும் கணக்கில் கலந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு உதைத்தால், அளக்கும் கருவியைப் பாருங்கள். ஒத்ததிர்வில் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த இந்த மின்சுற்று, கியூ 200 இருக்கும்போது, 85 கிலோஓம் மின்தடைபோல நிற்கும். ஆசிலாஸ்கோப் (மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவி) புரோபில், அதாவது அதன் அளவுமுனையில், ‘10 மெகாஓம்’ என்று அச்சிட்டிருப்பது நேர்மின்சாரத்துக்கு மட்டுமே. சில மெகாஹெர்ட்ஸில் அது பல மடங்கு சரிந்துவிடும். 10 பிக்கோஃபாரட் அளவுக்குக் கொள்திறனையும் கூட்டி, ஒத்ததிர்வையே நகர்த்திவிடும். அதனால் புரோபைச் சுருளில் மாட்டக் கூடாது. ஒற்றைச் சுற்று வளையம் ஒன்றை அதன் முனையில் பூட்டி, சுருளுக்குப் பக்கத்தில் பிடித்து, மெல்ல விலக்கிக்கொண்டே போக வேண்டும். திரையில் தெரியும் சிக்னல் குறைந்துகொண்டே வரும். கியூ ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும். அந்த எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.