சிகரெட்டை விட்டால் ஒரு காபி இரண்டு காபியாகும்

"சிகரெட்டை விட்டுப் பத்து நாள் ஆகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, நடுராத்திரி தாண்டியும் தூக்கம் வருவதில்லை. புகை நினைப்பு வரும்போதெல்லாம் காபி குடித்துச் சமாளிக்கிறேன். விட்டதால்தான் உடம்பு கெட்டுவிட்டதோ? இது எப்போது தீரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விட்ட புதிதில் பலருக்கும் எழும் கேள்வி. ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறார்: காபி குடித்துச் சமாளிக்கிறேன் என்று. அவருடைய தொல்லையில் ஒரு பெரும் பங்கு அந்தக் காபியிலிருந்து வருவதாக இருக்கலாம்.

நிக்கோட்டின் கதை பலரும் அறிந்ததே. புகையை இழுத்த பத்து, இருபது வினாடிக்குள் மூளைக்குப் போய்விடும், அங்கே நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் வந்து பொருந்துவதற்காக உள்ள புரதங்களில், அதாவது ஏற்பிகளில், ஒட்டும், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் சுரக்கும், பழக்கம் படியும். விட்டதும் எரிச்சல், பசி, கவனம் நிற்காமை, தவிப்பு. சரி, இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சிகரெட்டை விடுகிறவர் நிக்கோட்டினோடு புகையையும் சேர்த்து விடுகிறார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அந்தப் புகையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள் உண்டு. அவற்றில் ஒரு கூட்டம் கல்லீரலில் செய்து வைக்கும் வேலை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

எது அரைகுறையாக எரிந்தாலும் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள்தான் அந்தக் கூட்டம். பென்சீன் வளையங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட தட்டையான மூலக்கூறுகள் இவை. கொழுப்பில் கரைவதால் செல்லின் சவ்வைச் சுலபமாகத் தாண்டி உள்ளே போய்விடும். கல்லீரல் செல்லுக்குள் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. தட்டையான இந்த மூலக்கூறு வந்து அதில் பொருந்தியதும் புரதம் இடம் பெயர்ந்து உட்கருவுக்குள் போகும். அங்கே இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து, டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் ஒட்டி, பக்கத்திலுள்ள மரபணுக்களை முடுக்கிவிடும். வந்திருக்கும் வேண்டாத பொருளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் கூடுதலாக உற்பத்தியாகும். எவ்வளவு புகையோ அதற்கேற்ற நொதி. மூளைக்குத் தெரியாமல், நாம் உணராமல், ஒரு செல் தன் சூழலைப் படித்துத் தன் மரபணுக்களை இயக்கிக்கொள்கிறது!

அப்படிப் பெருகும் நொதிகளில் ஒன்று சிஒய்பி1ஏ2. நாம் குடிக்கும் காஃபீனில் 90 சதவீதத்துக்கும் மேல் சிதைப்பது இதே நொதிதான். ஹைட்ரோகார்பனுக்காகப் பெருகிய நொதி காஃபீனையும் சேர்த்து வேகமாகக் காலி செய்கிறது. புகைக்காத ஒருவரின் உடலில் காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். புகைப்பவருக்கு 3 மணி நேரம் போதும். அடுத்தடுத்துக் காபி குடித்தும் படுத்ததும் தூங்கிவிடும் புகைப்பாளர்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

புகை நின்றதும் மரபணுவை முடுக்கிவிட ஆள் இல்லை. இருக்கும் நொதி ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்து, ஒரு வாரத்தில் சாதாரண அளவுக்கு வந்துவிடும். காபியோ அதே அளவு, அல்லது நம் வாசகரைப் போல இன்னும் அதிகம். விட்டவர்களிடம் அளந்து பார்த்தபோது ரத்தத்தில் காஃபீன் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. காஃபீன் மிகுந்தால் என்ன ஆகும்? கை நடுக்கம், படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை. நிக்கோட்டின் இல்லாத தவிப்போடு இவை அப்படியே கலந்துவிடுவதால் எல்லாப் பழியும் சிகரெட்டை விட்டதன் மேல் விழுகிறது. தோல் வழியாக நிக்கோட்டின் தரும் பேட்ச் ஒட்டிக்கொண்டாலும் இந்தப் பகுதி மாறாது, ஏனென்றால் நொதியைப் பெருக்கியது நிக்கோட்டின் அல்ல, புகை.

இந்த ஏற்பாட்டில் ஒரு கொடுமையும் இருக்கிறது. புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்களில் ஒன்றான பென்சோபைரீனை நீரில் கரையும்படி மாற்றி வெளியேற்றத்தான் இதே குடும்பத்து நொதிகள் முயல்கின்றன. அந்த முயற்சியில் உருவாகும் ஓர் இடைப்பொருள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. புற்றுநோய்க்குப் போகும் பாதைகளில் அது ஒன்று.

ஆகவே, விடும் நாளிலேயே காபியைப் பாதியாக்கிவிடுங்கள். மதியத்துக்குப் பிறகு வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், காஃபீனைத் திடீரென்று நிறுத்தினால் அதற்கென்று தனித் தலைவலி உண்டு. டீயிலும் எனர்ஜி பானங்களிலும் இருப்பது இதே காஃபீன்தான்.

இன்னொன்று, இது முக்கியம். மனநோய்க்குத் தரும் குளோசபைன், ஒலான்சபைன், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் போன்ற மருந்துகளையும் இந்த நொதிதான் சிதைக்கிறது. அவற்றைச் சாப்பிடுபவர் புகையை விட்டால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். தாமாகக் குறைத்துக்கொள்ளாமல், விடப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்மயிர்கள் மறுபடி அசைந்து சளியை மேலே தள்ளுவதால் கொஞ்ச நாள் இருமல் கூடலாம். குடலைத் தூண்டிய நிக்கோட்டின் போனதால் சிலருக்கு மலச்சிக்கல் வரும். முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண்ணும் வரலாம். எடை முதல் ஆண்டில் சராசரியாக 4, 5 கிலோ ஏறுகிறது. சிலருக்கு ஏறுவதே இல்லை. அந்த எடைக்குப் பயந்து சிகரெட்டுக்குத் திரும்புவது மிக மோசமான பேரம்.

"பல வருஷப் பழக்கத்தைத் திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது" என்ற பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அளவுக்கு மீறிய மதுப் பழக்கத்தைத் திடீரென்று நிறுத்துவதில் ஆபத்து உண்டு; நிக்கோட்டினில் அப்படி இல்லை. ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு இறங்கி, ஆக்ஸிஜனுக்கு இடம் கிடைக்கிறது. நுரையீரலைக் கழுவித் தருவதாக விற்கப்படும் பானங்களுக்கும் காசு கொடுக்காதீர்கள். குடித்தது இரைப்பைக்குத்தான் போகும்.

இப்போது அந்தத் தவிப்பு. மூளை தானே சுரக்கும் அசிட்டைல்கோலினை ஒரு நொதி கணத்தில் உடைத்துவிடும். நிக்கோட்டினை அதனால் உடைக்க முடியாது. அது அங்கேயே தங்க, ஏற்பிகள் மரத்துப்போகின்றன, மூளை ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. விட்டதும் அத்தனை ஏற்பிகளும் வெறுமையாக நிற்கின்றன. அதனால்தான் முதல் மூன்று நாள் கடுமை. ஆனால் ஒவ்வொரு அலையும் சில நிமிடங்களே நிற்கும். எழுந்து வேகமாக நடந்தால் கடந்துவிடும். மூளை ஸ்கேன் ஆய்வுகளில், 3 முதல் 12 வாரத்துக்குள் ஏற்பிகள் புகைக்காதவரின் அளவுக்கு இறங்கியது தெரிந்திருக்கிறது. ஒன்றிரண்டு இழுப்பே ஏற்பிகளில் பாதியை நிரப்பிவிடும் என்பதையும் இத்தகைய ஸ்கேன்கள்தான் காட்டின. "ஒன்றே ஒன்று" என்ற சமாதானத்தை நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

மன உறுதி மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. பேட்ச்சோடு நிக்கோட்டின் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது. வேரெனிக்லின் மாத்திரை அந்த ஏற்பிகளில் அமர்ந்து, அரைகுறையாக இயக்கி, நிக்கோட்டினுக்கு இடமில்லாமல் செய்கிறது. அதற்கு முன்மாதிரி லாபர்னம் மரத்திலிருந்து கிடைக்கும் சைட்டிசின். பல்கேரியாவில் 1964 முதல் விற்பனையில் இருக்கும் மலிவான மருந்து. அப்படியிருந்தும், பேட்ச், கம் போன்றவற்றைவிட அது மேல் என்று காட்டிய நியூசிலாந்து ஆய்வு வந்தது 2014இல்தான். காப்புரிமை வாங்க முடியாத பழைய மருந்தைச் சோதிக்கத் தனியார் பணம் எளிதில் வராது. இத்தகைய ஆய்வுகளுக்கு அரசுகள் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எப்போது தீரும் என்று கேட்டாரே. காபியைக் குறைத்தால் நடுக்கமும் தூக்கமின்மையும் சில நாளிலேயே தணியக்கூடும். அப்படியும் படபடப்பு நீடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். எரிச்சலும் தவிப்பும் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். சில மாதம் கழித்தும், வழக்கமாகப் புகைத்த இடத்தில் நின்றாலோ பழைய கூட்டாளியைப் பார்த்தாலோ ஆசை சட்டென்று எட்டிப் பார்க்கும். அது நினைவு செய்யும் வேலை. அதுவும் சில நிமிடத்தில் போய்விடும்.